வியாழக்கிழமை நாற்றம் எதுவும் வரவில்லை

வண்டிச் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போட்டிருப்பாய். அது என்னிடம் இருக்கிறது. அம்மாவைக் கேட்காதே, அவளுக்குத் தெரியாது. கோபத்தோடு என்னைத் தேடி வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நேரில் பேசினால் அப்பனும் பிள்ளையுமாக நம் இரண்டு பேருக்கும் உடனே குரல் உயர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் உன்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது திட்ட ஆரம்பித்துவிடுவேன். லாரிக்காரனை, மாநகராட்சியை, எனக்கு வரவேண்டிய பதவியை வாங்கிக்கொண்டு போனவனை. இருபத்தெட்டு வயதில் உனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது மட்டுமே சொல்ல வந்ததை விட்டு விலகாமல் இருக்க என்னால் முடிகிறது.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நீ தினமும் சாயங்காலம் மணலியில் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டில் இருந்து நேராகப் பெரம்பூர் போய், நித்யாவை அவள் வேலை செய்யும் லேப் வாசலில் ஏற்றிக்கொண்டு, தண்டையார்பேட்டையில் அவள் வீட்டில் இறக்கிவிட்டு வருகிறாய். வழி முழுக்க கன்டெய்னர் லாரிகள். அவற்றின் இரண்டு வரிசைக்கு நடுவே உன் வண்டி புகுந்து வருவதை நான் பஸ்ஸில் இருந்து ஒருநாள் பார்த்தேன். பின்னால் அவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தக் காட்சியை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நீ சீக்கிரம் வந்துவிட்டாய். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நீ பேசிக்கொண்டே சாப்பிட்டாய், மண்டபத்துக்காரன் ஜெனரேட்டர் விஷயத்தில் ஏமாற்றுகிறான் என்று. வாக்கியம் பாதியில் நின்றது. முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினாய். மூக்கு சுருங்கியது. வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றாய். வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது. "இன்னாடா, தோசை கருகிப்போச்சா?" என்றாள் அம்மா. நீ பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்டதும், தூங்கி எழுந்தவன்போல் எங்களைப் பார்த்து, "பேக்டரி நாத்தம்மா, ஒரே கலீஜ்" என்றாய். அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை.

எனக்கு வரவில்லை என்பதை வைத்து மட்டும் நான் இப்போதெல்லாம் எதையும் முடிவு செய்வதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனால் முழுவதும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

எர்ணாவூர் மேம்பாலத்தின் இறக்கத்தில் நீ விழுந்த அன்று, முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது. ஜல்லி சிந்திக் கிடந்த இடத்தில் உன் வண்டி வழுக்கியது. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பொட்டு தடுப்புச் சுவரில் மோதியது. ஸ்கேனில் அந்த இடத்தில் மூளை கன்றிப்போய், கொஞ்சம் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் தேவையில்லை, தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். அப்படியே ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு இளம் டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, "இப்போ நல்லாயிருக்கார் சார். ஆனா தலையில இப்படி அடிபட்டவங்களுக்குக் கொஞ்ச மாசம் கழிச்சோ, வருஷம் கழிச்சோ ஃபிட்ஸ் வரலாம். எதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அதே நேரத்தில் என் போனில் போலீஸ் ஸ்டேஷன்காரர் இருந்தார். அந்த லாரியின் நம்பரைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று நான் அவரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதில் 'நல்லாயிருக்கார்' என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மீதியை, இன்னொருவனைத் துரத்தும் வேகத்தில் கைவிட்டுவிட்டேன்.

அதன் பிறகு பல மாதங்கள் நீ சாதாரணமாக இருந்தாய். வேலைக்குப் போனாய், கேரம் ஆடினாய், அம்மா வேண்டுதல் முடித்தாள். காயம் ஆறிவிட்டது என்று நினைத்தோம். அந்த அமைதியான மாதங்களில்தான் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது என்பதை ரொம்பக் காலம் கழித்து நரம்பியல் டாக்டரம்மா எனக்கு விளக்கினார். நான் அனல் மின் நிலையத்தில், மின்சாரம் அளவு மீறினால் துள்ளி இணைப்பைத் துண்டிக்கும் ரிலேக்களைச் சோதிப்பவன் என்று தெரிந்ததும் என் பாஷையிலேயே சொன்னார். மூளையின் ஒவ்வொரு நரம்புச் செல்லும் தன் தோலுக்கு உள்ளும் வெளியும் உப்புகளைப் பிரித்து வைத்து, ஒரு சின்ன மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது. பக்கத்துச் செல்களில் சில அதைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. கூட்டிக் கழித்து ஒரு அளவைத் தாண்டினால்தான் அது துப்பாக்கி மாதிரி ஒரு மின்துடிப்பைச் சுடும், இல்லையென்றால் சும்மா இருக்கும். நான் வாழ்நாள் முழுக்க ரிலேக்களுக்கு வைத்த செட்டிங் மாதிரிதான். சின்ன ஆட்டத்துக்கெல்லாம் துள்ளாமல், ஆபத்துக்கு மட்டும் துள்ள வேண்டும்.

அடிபட்ட இடத்தில் அந்த அளவு கெட்டுப்போகிறது. அடக்கும் வேலையைச் செய்த செல்களில் பல செத்துப்போகின்றன. பிழைத்த செல்கள் சும்மா இருப்பதில்லை, அறுந்த இணைப்புகளுக்குப் பதிலாகப் புது இணைப்புகளை விடுகின்றன. ஆனால் கண்ட இடத்தில் விடுகின்றன, தூண்டுபவை ஒன்றையொன்று தூண்டும்படி. தழும்பாகிப்போன இடத்தில் இருக்கும் துணைச் செல்கள், வெளியே சேரும் பொட்டாசியத்தையும் தூண்டும் ரசாயனத்தையும் முன்போல் துடைத்து எடுப்பதில்லை. கசிந்து போன ரத்தம்கூட கரையும்போது தன் இரும்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது, அதுவும் உறுத்துகிறது. இப்படி மெதுமெதுவாக அந்த இடம் எதற்கெடுத்தாலும் கொதிக்கிற இடமாக மாறுகிறது. ஒருநாள் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் சுடுகின்றன. அக்கம்பக்கம் அடக்க முடிந்தால் அங்கேயே அடங்கும். முடியாவிட்டால் மூளை முழுக்கப் பரவி ஆளைக் கீழே தள்ளும். அவர் சொல்லிக்கொண்டே போக, நான் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். எப்போதோ பட்ட அடி ஆறாமல், சின்ன விஷயத்துக்கெல்லாம் துள்ளி விழுகிறவன் நான். ஆனால் அது வெறும் ஒப்புமை, தம்பி. என்னுடையது குணம், அதற்கு நான் பொறுப்பு. உன்னுடையது காயம், அதற்கு நீ பொறுப்பில்லை. இதை நீ எப்போதும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உனக்கு அந்தத் தீப்பொறி விழுந்த இடம் வாசனையை அறிகிற பகுதிக்குப் பக்கத்தில். அதனால் மற்றவர்களுக்கு வருவதுபோல் முதலில் கைகால் இழுக்கவில்லை. முதலில் நாற்றம் வந்தது. கருகின ரப்பரும் அமோனியாவும் கலந்தமாதிரி என்று நீ சொன்னாய். வேறு எந்த ஊரில் ஒரு பையன் இப்படிச் சொல்லியிருந்தாலும் அவனைப் பெற்றவர்கள் திகைத்திருப்பார்கள். நாம் இருப்பது திருவொற்றியூரில். வடக்கே எண்ணூர், மேற்கே மணலி. இங்கே ஒருவன் மூக்கைச் சுளித்து 'நாத்தம்' என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஜன்னலைத்தான் சாத்துவார்கள். நீ வெறித்துப் பார்த்தபோது கண் எரிகிறது என்று நினைத்தோம். நீ வெறும் வாயை மென்றபோது குமட்டுகிறது என்று அம்மா எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நீ பேச்சுத் தடுமாறி நின்றதை, விஷக்காற்று உன் தலைக்கு ஏறிவிட்டது என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நம் பக்கத்தில் புகை விடும் அந்தத் தொழிற்சாலையோடு எனக்கு ஏற்கெனவே தகராறு. அது நாறத்தான் செய்தது, அதை நான் இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். சில நாள் தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றது உண்மை. பாதி நாள் நான் சொன்னது சரி. அதுதான் என்னைக் கெடுத்தது. மீதிப் பாதியில் நாற்றம் உனக்கு மட்டும் வந்தது, நான் அதையும் சேர்த்து அவர்கள் கணக்கில் எழுதினேன். மனு மேல் மனு போட்டேன். முதல் மனுவில் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. போகப்போக ஆட்கள் நழுவினார்கள். எதிர்வீட்டு மாணிக்கத்தை உனக்குத் தெரியும், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். இருபது வருஷமாக என் நண்பர். அவரே ஒருநாள் பேனாவை மூடிவிட்டு, "எஞ்ஜினீரு, நேத்து நாத்தமே இல்லியே. நான் வாசல்லதான குந்திகினு இருந்தேன். இல்லாத நாளுக்கு எப்புட்றா கையெழுத்துப் போட்றது?" என்றார். "என் பையன் பொய் சொல்றானா?" என்று கேட்டேன். "பையன நான் இன்னா சொன்னேன்? அவனுக்கு வேற இன்னாவோ கீதுப்பா. ஒரு டாக்டரப் பாரேன்" என்றார். நான் அவரிடம், உங்களுக்கு அந்தக் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன். அவர் பெண்டாட்டி முன்னால் கேட்டேன். அதோடு பேச்சு நின்றது.

அடுத்து வந்ததுதான் அந்தக் கூட்டம். அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், ஜனங்கள் எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துக் குறை கேட்டார்கள். முந்தின நாள் நான் உன்னிடம், "நீதான் பேசணும். பாதிக்கப்பட்டவன் பேசினாத்தான் எடுபடும்" என்றேன். நீ தயங்கினாய். "வேணாம்ப்பா. அது வந்துட்டா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது. உள்ள வார்த்த இருக்கு, வெளிய வர மாட்டேங்குது" என்றாய். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எந்த டாக்டரிடமும் சொல்ல முடியாது. நான், "மேடை பயம்டா, பழகிடும்" என்றேன்.

மைக்கைப் பிடித்து நீ நன்றாகத்தான் ஆரம்பித்தாய். தெருப் பேரைச் சொன்னாய். பிறகு நிறுத்தி, முகத்தைத் தூக்கி, "இப்பக்கூட வருது" என்றாய். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. பின்வரிசையில் யாரோ, "எங்களுக்கு ஒண்ணியும் வரல நைனா, பின்னாடி பிரியாணி வேவுது, அதான் வருது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உன் தலை வலது பக்கமாகத் திரும்பியது, யாரோ பிடித்துத் திருப்புவதுபோல. நீ விழுந்தாய். கையும் காலும் இழுத்து உதறின. கீழே விழுந்த மைக்கை நான் எடுத்தேன். உன்னைத் தூக்குவதற்கு முன்னால், தம்பி, நான் மைக்கை எடுத்தேன். "பாருங்க! நல்லாப் பாருங்க! உங்க காத்து எம்புள்ளைய என்ன பண்ணுதுன்னு பாருங்க!" என்று கத்தினேன். மாணிக்கம் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். எல்லோரையும்போல அவரும் தன் சாவிக்கொத்தைத்தான் உன் கையில் திணித்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். ஆனால் உன் தலை தரையில் மோதாமல் அவர் மடியில் இருந்தது. வாயில் வழிந்ததை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "யோவ், மைக்கப் போட்டுட்டு வாய்யா!" என்றார்.

அந்த வீடியோ இரண்டு நாள் எல்லார் போனிலும் ஓடியது. தெரியாதவர்கள் எல்லாம் என்னை அழைத்து வீரமான அப்பா என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அந்தப் பாராட்டை நான் கேட்டேன். ஒரு நாள் முழுக்க எனக்கு அது இனித்தது. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

டாக்டரம்மாவிடமும் நான் கம்பெனியைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், "சார், நீங்க காத்தப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. கொஞ்சம் பையனப் பத்திப் பேசலாமா?" என்றார். தலையில் கம்பிகள் ஒட்டி எடுத்த படத்தில் இடது பொட்டுக்கு நேராகக் கூர்கூராய்க் கோடுகள் எழும்பியிருந்ததைக் காட்டினார். முன்னே சொன்ன எல்லாவற்றையும் அன்றுதான் விளக்கினார். எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன். படித்தவன் அல்லவா. புரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, மாணிக்கத்தை மன்னிக்காமல் இருந்தேன். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. நான் மைக்கோடு நின்றதை அவர் மிகப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார், அவ்வளவுதான். ஒருவன் தனக்குக் கெடுதல் செய்தவர்களை வெறுப்பது இயல்பு. தன்னை அசிங்கமான நேரத்தில் பார்த்துவிட்டவர்களையும் வெறுக்க முடியும் என்பதை நான் அப்போது கற்றுக்கொண்டேன்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு உன்னிடம் நான் கண்ட பொறுமையைச் சொல்லவேண்டும். முதல் மாதங்களில் பகலெல்லாம் தூங்கி வழிந்தாய், வார்த்தை கிடைக்காமல் எரிச்சல்பட்டாய். ஆனாலும் விடவில்லை. வலிப்பு நின்றது. ஒருநாள் நிஜமாகவே தெருவெல்லாம் நாறியபோது நீ மொட்டை மாடிக்கு ஓடி வந்து என்னிடம், "அப்பா, உங்களுக்கும் வருதா?" என்று கேட்டாய். "ஆமாடா, தாங்கல" என்றேன். நீ சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. விஷக்காற்றை மூச்சுமுட்ட இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் மாடியில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு அது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. எந்த நாற்றம் வந்தாலும் நீ என்னையோ அம்மாவையோ பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பாய். நாங்கள் ஆமாம் என்போம். உன் தோள் தளரும்.

வியாழக்கிழமை நீ கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். யாருக்கும் வருகிறதா என்று கேட்காமல், தொழிற்சாலை மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த தோசையைக் கேட்டாய். பொய் சொல்லத் தெரியாத பையன் நீ. இந்தப் பொய்யை உனக்குத் தயாராகச் செய்து வைத்தவன் நான்.

அன்று நீ உன் அறைக்குப் போனதும் எதிர்வீட்டுக்குப் போனேன். மாணிக்கமே கதவைத் திறந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா எஞ்ஜினீரு, பெட்டிஷனா? பேனா எடுத்தாந்துகினியா, இல்ல நான் குடுக்கணுமா?" என்றார். நான், "இப்போ ஒரு அரை மணி முன்னாடி ஏதாவது நாத்தம் வந்துச்சா?" என்று கேட்டேன். "அடப்பாவி. ரெண்டு வருசம் கழிச்சு வூட்டாண்ட வந்து, நல்லாகீறியா, துன்னியான்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல, நாத்தம் வந்துச்சான்னு கேக்குற பாரு!" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, "யாரு, அந்த பேஜாரு புடிச்ச மன்சனா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்தம்மா சொன்னார். நான் போகாமல் நின்றேன். மாணிக்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பையனுக்கா?" என்றார். தலையாட்டினேன். "இல்லப்பா. மாடிலதான் இருந்தேன். ஒண்ணியும் வரல. மீன் வறுத்த வாசன வந்துச்சு, அது எங்கூடுதான்" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நித்யாவுக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, பையனுக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே என்று கேட்டார். அம்மா, "ஒரு வாட்டி வண்டில இருந்து வுழுந்தான், அதான். இப்ப கல்லுகணக்கா கீறான்" என்றாள். எந்த அதிகாரி முன்னாலும் வாயை மூடாதவன், அன்று காபி டம்ளரை வாயில் இருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பயம் உனக்குத் தெரியும். "வலிப்புன்னு சொல்லிப் பாரு, நாளைக்கே தட்ட திருப்பிக் குடுத்துட்டு போய்கினே இருப்பாங்க" என்று அழுதாள். அதைவிட மோசம் பிறகு நான் செய்தது. நிச்சயம் முடிந்த வாரம் நீயே என்னிடம் வந்து, "நித்யாகிட்ட நானே சொல்லிடட்டுமாப்பா?" என்று கேட்டாய். உனக்கு அப்போது தைரியம் இருந்தது. நான், "கல்யாணம் ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். உன் தைரியத்தை நான் ஊதி அணைத்துவிட்டேன். இப்போது அதைத் திரும்பக் கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை மாத்திரையை நீ விட்டுவிட்டாய் என்று சந்தேகப்படுகிறேன். தூக்கம் வருகிறது, அவளோடு பேசும்போது வார்த்தை சிக்குகிறது என்பதற்காக விட்டிருப்பாய். இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லையே, குணமாகிவிட்டது என்றும் நினைத்திருப்பாய். மாத்திரை தழும்பை ஆற்றவில்லை, தம்பி. உள்ளே அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை அந்தச் செல்களின் செட்டிங்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று கையை எடுத்தால் அவை முன்னைவிட வேகமாகத் துள்ளும். தூக்கம் கெட்டால் துள்ளும். கல்யாண அலைச்சலில் எல்லாம் சேர்ந்து கெடும். வியாழக்கிழமை அது ஒரு நிமிஷத்தோடு அடங்கியது. உன் கையில் அப்போது தோசை இருந்தது. ஹாண்டில்பார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. பின்னால் யார் உட்கார்ந்திருப்பார் என்பதையும் நீயே நினைத்துக்கொள். அவளுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். எந்த ஆபத்துக்கு என்று சொல்லாமல் கொடுத்திருக்கிறாய்.

நான் அவளிடம் சொல்லப் போவதில்லை. உன் நோயை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஊரைக் கூட்டியாகிவிட்டது, மறுபடி அதைச் செய்ய மாட்டேன். சொல்வது உன் உரிமை. ஆனால் சாவியைத் தரமாட்டேன், அது உன் விஷயம் மட்டும் இல்லை, தெருவில் போகிற எல்லோருடைய உயிரும் அதில் இருக்கிறது. டாக்டரம்மா திரும்ப ஓட்டலாம் என்று சொல்கிறவரை அது என்னிடம்தான் இருக்கும். இதற்காக நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பது எப்படி என்று இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாளை சாயங்காலம் நித்யா புடவை காட்ட வருகிறாள். நான் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய்விடுகிறேன். அங்கே வைத்து அம்மாவிடம் இதெல்லாம் சொல்கிறேன், அழுவாள், அது என் பாடு. வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தான் இருப்பீர்கள். அடிபட்டதில் இருந்து ஆரம்பித்துச் சொல். லேபில் வேலை செய்கிற பெண், பயப்படாமல் கேட்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். அவள் வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம். அப்படிப் போனால் அவள் மேல் வருத்தப்படாதே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல யாரையும் விடமாட்டேன், என்னையும் சேர்த்து. பத்திரிகை வாங்கியவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஆட்டோ சொல்லிவிட்டேன், வாசலில் நிற்கும். உள்ளே நீதான் பேசப்போகிறாய். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கூப்பிட்டால் மட்டும் வருகிறேன். ஆட்டோவில் பின்சீட்டு மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். ஆனாலும் அவள் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்காருங்கள், நான் டிரைவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு வருகிறேன். வராவிட்டால் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். வழியில் எதுவும் பேச மாட்டேன்.